டிவி திரைக் காப்புரிமை: கிளெய்மை வாசிப்பது எப்படி?

டிவி மெனு, நிகழ்ச்சி வழிகாட்டி, முன்னோட்டச் சன்னல் என்று திரையில் தெரியும் ஏதோ ஒன்றுக்கான காப்புரிமை ஆவணத்தைப் புதிதாகத் திறப்பவர்கள் பெரும்பாலும் முதலில் படங்களைத்தான் பார்க்கிறார்கள். இடப்பக்கம் சேனல்கள், மேலே நேரம், நடுவே நிகழ்ச்சிப் பெயர்கள் என்று ஒரு கட்ட அட்டவணை இருக்கும். உடனே, கட்டம் போட்ட வழிகாட்டி முழுவதுமே இந்த நிறுவனத்துக்குச் சொந்தமாகிவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். அநேகமாக எப்போதும் அது தவறு. படம், சுருக்கம், தலைப்பு எதுவும் உரிமையின் எல்லையை வரைவதில்லை. ஆவணத்தின் கடைசியில் 1, 2, 3 என்று எண்ணிட்டு வரும் கிளெய்ம்கள், அதாவது உரிமைக் கோரிக்கைகள்தான் வரைகின்றன. நிலப் பத்திரத்தில் வர்ணனை எவ்வளவு இருந்தாலும் நான்கெல்லைதான் செல்லும் என்பது போல.

டிவி வழிகாட்டி, பதிவுப் பெட்டி தொடர்பான பெரிய வழக்குகள் அமெரிக்காவில் நடந்தவை. அதனால் கீழே வரும் விதிகள் எல்லாம் அமெரிக்கச் சட்டத்தைச் சேர்ந்தவை.

முதலில் கையில் இருப்பது எந்தத் தாள்?

விண்ணப்பம் வேறு, வழங்கப்பட்ட காப்புரிமை வேறு. எண்ணின் முடிவில் 'ஏ1' என்று இருந்து, எண் ஓர் ஆண்டோடு தொடங்கினால் அது வெளியிடப்பட்ட விண்ணப்பம். 'பி1' அல்லது 'பி2' இருந்தால் வழங்கப்பட்டது. 2001-க்கு முன் வழங்கப்பட்டவற்றுக்கு வெறும் 'ஏ' மட்டும் இருக்கும். விண்ணப்பத்தில் உள்ள கிளெய்ம் என்பது விண்ணப்பதாரரின் ஆசை. காப்புரிமை அலுவலகத்தின் பரிசோதகரோடு நடக்கும் வாதத்தில் அது பல முறை சுருங்கும். 'ஏ1' தாளை வைத்துக்கொண்டு பயப்படுவதும் வீண், வழக்குத் தொடுக்க நினைப்பதும் வீண்.

காப்புரிமை உயிரோடு இருக்கிறதா என்பதையும் சேர்த்தே பார்த்துவிட வேண்டும். பொதுவாக விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு. இடையே மூன்றரை, ஏழரை, பதினொன்றரை ஆண்டுகளில் பராமரிப்புக் கட்டணம் கட்டாவிட்டால் முன்பே காலாவதியாகும். வழங்கிய பிறகு மறுஆய்வில் சில கிளெய்ம்கள் ரத்தாகியிருக்கவும் கூடும்.

ஒரு கிளெய்மைப் பிரித்துப் போடுவோம்

விளக்கத்துக்காக எழுதிய மாதிரிக் கிளெய்ம் இது. நிஜ ஆவணத்தில் இது ஆங்கிலத்தில், ஒரே வாக்கியமாக, அரைப்புள்ளிகளால் பிரிந்து இருக்கும்.

"1. ஒரு தொலைக்காட்சித் திரையில் நிகழ்ச்சி விவரங்களைக் காட்டும் முறை; அம்முறை உள்ளடக்குபவை:
1அ. மேற்படி திரையில் ஒரு நிகழ்ச்சியின் வீடியோவை ஓட்டுதல்;
1ஆ. ரிமோட்டிலிருந்து வரும் ஒரு முதல் கட்டளைக்கு மறுவினையாக, பன்மையான நிகழ்ச்சிக் கட்டங்கள் கொண்ட ஒரு பட்டியலை மேற்படி வீடியோவின் மேல் படியும்படி காட்டுதல்;
1இ. மேற்படி கட்டங்களில் ஒன்றை முனைப்பாகக் காட்டுதல்;
1ஈ. மேற்படி கட்டம் முன்பே தீர்மானித்த ஒரு நேரம் வரை முனைப்பாக இருந்தால், மேற்படி பட்டியல் திரையில் இருக்கும்போதே, அந்தக் கட்டத்துக்குரிய நிகழ்ச்சியின் முன்னோட்டத்தை ஓட்டுதல்.

2. கிளெய்ம் 1-ல் கூறிய முறை. அதில் முன்பே தீர்மானித்த நேரம் 2 விநாடி."

அடிப்படை விதி ஒன்றுதான்: ஒரு கிளெய்மை மீறியதாகச் சொல்ல வேண்டுமானால் அதன் எல்லா உறுப்புகளும் அந்தப் பொருளில் இருக்க வேண்டும். மூன்று உறுப்பு அப்படியே இருந்து நான்காவது இல்லையென்றால் சொல்லுக்குச் சொல் மீறல் இல்லை. ஆகவே நீளமான கிளெய்ம் என்றால் வலுவான கிளெய்ம் என்று எண்ணுவது தலைகீழ். சொல் கூடக் கூட எல்லை சுருங்குகிறது.

"உள்ளடக்குபவை" என்ற சொல் வரை உள்ள தொடக்கப் பகுதி முகப்பு, அதன் பின் வரும் உறுப்புகள் உடல். முகப்பில் இருக்கும் "தொலைக்காட்சித் திரை"யைக் கணக்கில் எடுக்க வேண்டுமா? முகப்பு வெறும் பயன்பாட்டைச் சொன்னால் பெரும்பாலும் அது எல்லையாகாது. இங்கே 1அ-வில் "மேற்படி திரை" என்று முகப்பைப் பிடித்துக்கொண்டு உடல் நிற்கிறது. அதனால் முகப்பும் எல்லையாகிறது. அடுத்த கேள்வி, கைபேசித் திரை தொலைக்காட்சித் திரையா? அதற்கு, கண்டுபிடிப்பை விளக்கும் விவரிப்புப் பகுதிக்குப் போக வேண்டும். "எந்தக் காட்சிச் சாதனமாகவும் இருக்கலாம்" என்று அங்கே எழுதியிருந்தால் ஒரு பதில், ஒன்றும் சொல்லாமல் பத்தடி தூரத்தில் உட்கார்ந்து பார்ப்பவரின் சிரமத்தையே பேசியிருந்தால் வேறு பதில்.

"உள்ளடக்குபவை" என்று நாம் எழுதியிருப்பது ஆங்கிலத்தில் 'கம்ப்ரைசிங்'. இது திறந்த சொல். இந்த நான்கு படிகளும் இருந்தால் போதும், கூடுதலாக நாற்பது படிகள் இருந்தாலும் தப்பிக்க முடியாது. "எங்கள் டிவியில் குரல் தேடலும் இருக்கிறதே" என்ற வாதம் இங்கே எடுபடாது. 'கன்சிஸ்டிங் ஆஃப்' என்று இருந்தால் மூடிய சொல், சொன்னவை தவிர வேறெதுவும் கூடாது. திரைக் காப்புரிமைகளில் அது அரிது.

1ஆ-வில்தான் உண்மையான சண்டை. "கட்டளைக்கு மறுவினையாக" என்றால் கட்டளை காரணம், பட்டியல் விளைவு. நிகழ்ச்சி முடிந்ததும் பட்டியல் தானாக வந்தால் இந்த உறுப்பு இல்லை. "வீடியோவின் மேல் படியும்படி" என்பதை இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும். வீடியோவை மூலைக்குச் சுருக்கிவிட்டு, காலியான இடத்தில் பட்டியலைக் காட்டும் டிவியில் எதுவும் எதன் மேலும் படியவில்லை. பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒரே வசதிதான், ஆனால் கிளெய்மில் ஒன்று உள்ளே, மற்றது வெளியே. பட்டியலின் பின்னணி கண்ணாடி போல இருந்து வீடியோ தெரிய வேண்டுமா, முழுக்க மறைத்தாலும் "படிதல்" ஆகுமா என்பதையும் விவரிப்பைப் பார்த்தே முடிவு செய்ய முடியும்.

"பன்மையான" என்பது 'ப்ளூராலிட்டி'. இரண்டோ அதற்கு மேலோ. ஒரே ஒரு நிகழ்ச்சியின் விவரப் பட்டையைக் காட்டும் திரை இதற்குள் வராது.

"முனைப்பாக" என்றால் என்ன? நிறம் மாறுவதா, சுற்றிலும் கோடு வருவதா, கட்டம் பெரிதாவதா? படத்தில் மஞ்சள் கோடு மட்டும் போட்டிருக்கலாம். அதற்காகக் கிளெய்மில் "மஞ்சள் கோடு" என்று நாமே எழுதிச் சேர்த்துப் படிக்கக் கூடாது. விவரிப்பில் காட்டிய ஓர் உதாரணத்தைக் கிளெய்முக்குள் இழுத்துவருவதுதான் ஆரம்ப வாசகர்கள் அடிக்கடி செய்யும் தவறு. நேர் எதிரான தவறும் உண்டு. "இந்தக் கண்டுபிடிப்பில் முனைப்பு என்பது எப்போதும் கட்டம் பெரிதாவதே" என்று விவரிப்பு அறுதியிட்டுச் சொல்லியிருக்க, அதைப் படிக்காமல் கிளெய்மை அகலமாக வைத்துக்கொள்வது.

1ஈ-யின் நேரத்துக்கு கிளெய்ம் 2 உதவுகிறது. 2 விநாடி என்பதைத் தனியே கிளெய்ம் 2-ல் சேர்த்திருப்பதால் கிளெய்ம் 1-ன் நேரம் 2 விநாடி மட்டுமே என்று குறுகாது என்று கொள்வது வழக்கம். இல்லாவிட்டால் இரண்டாவது கிளெய்முக்கு வேலையே இல்லை. கிளெய்ம் 2 போல இன்னொன்றைச் சார்ந்த கிளெய்ம்களைச் சிறியவை என்று தாண்டிப் போகாமல் படித்தால், தாய்க் கிளெய்மின் அகலத்தைச் சொல்லும் முதல் சாட்சி அங்கேயே கிடைக்கும். "முன்பே தீர்மானித்த" என்ற சொல்லும் சும்மா இல்லை. பார்ப்பவரின் பழக்கத்தைக் கணித்து ஒவ்வொரு முறையும் நேரத்தை மாற்றும் மென்பொருள் அதற்குள் வருமா என்பது நியாயமாக வாதிடக்கூடிய கேள்வி. பட்டியலை மூடிவிட்டு முழுத் திரையில் முன்னோட்டம் ஓட்டினால் கேள்வியே இல்லை, வெளியே.

படிகள் எழுதிய வரிசையிலேதான் நடக்க வேண்டுமா? எல்லா முறைக் கிளெய்மிலும் இல்லை. இங்கே மட்டும் வாக்கியமே வரிசையைக் கட்டாயமாக்குகிறது. "மேற்படி வீடியோ" ஓடாமல் அதன் மேல் பட்டியல் படிய முடியாது.

ஒருமை, பன்மை, "குறைந்தது ஒன்று"

கிளெய்மில் வரும் "ஒரு" என்பது பொதுவாக "ஒன்றோ அதற்கு மேலோ" என்று கொள்ளப்படும். விதிவிலக்கும் டிவி உலகிலிருந்தே வந்தது. டிவோ நிறுவனம் எக்கோஸ்டார் மீது தொடுத்த வழக்கில், ஓடும் நிகழ்ச்சியை நிறுத்திப் பின்னோக்கிப் பார்க்க உதவும் பதிவுப் பெட்டியின் காப்புரிமை விவாதத்துக்கு வந்தது. வீடியோ, ஆடியோ கூறுகளை "ஒரு எம்பெக் ஓடையாக" (எம்பெக் என்பது சுருக்கிய டிஜிட்டல் வீடியோவின் ஒரு வடிவம்) சேர்ப்பது என்று வன்பொருள் கிளெய்மில் இருந்தது. 2008-ல் ஃபெடரல் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம், இந்த ஆவணத்தின் சூழலில் அந்த "ஒரு" ஒரே ஒரு ஓடையைத்தான் குறிக்கும் என்றது. வன்பொருள் கிளெய்ம்களில் சொல்லுக்குச் சொல் மீறல் என்ற கீழ்நீதிமன்ற முடிவு ரத்தானது. அதே காப்புரிமையின் மென்பொருள் கிளெய்ம்களில் டிவோ வென்றது. ஒரே ஆவணம், ஒரே பெட்டி, கிளெய்முக்குக் கிளெய்ம் முடிவு வேறு. "அந்தக் காப்புரிமையை மீறுகிறதா" என்று பொதுவாகக் கேட்பதை விட்டுவிட்டு "எந்தக் கிளெய்மை" என்று கேட்கப் பழக வேண்டும்.

"குறைந்தது ஒன்று" இன்னும் சிக்கலானது. சூப்பர்கைட் எதிர் டைரக்ட்டிவி என்ற 2004-ஆம் ஆண்டுத் தீர்ப்பை டிவி வழிகாட்டிக் காப்புரிமை படிக்கும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். பார்ப்பவர் விரும்பும் தொடக்க நேரம், முடிவு நேரம், ஒளிபரப்புச் சேவை, மற்றும் நிகழ்ச்சி வகை ஆகியவற்றில் "குறைந்தது ஒன்றை" சேமித்து வைப்பது என்று கிளெய்ம் சொன்னது. நான்கில் ஏதாவது ஒன்று போதும் என்றே யாரும் சட்டென்று படிப்பார்கள். நீதிமன்றமோ நான்கு வகையிலும் ஒவ்வொன்றிலிருந்தும் குறைந்தது ஒன்று வேண்டும் என்றது. பட்டியலை இணைத்த 'அண்ட்' என்ற ஒரு சொல்லின் விளைவு அது. அதன்படி தொடக்க நேரத்தையும் சேவையையும் மட்டும் சேமிக்கும் பெட்டி கிளெய்முக்கு வெளியே. எல்லா ஆவணத்திலும் இதே பொருள்தான் என்றில்லை, விவரிப்பு வேறு விதமாகக் காட்டினால் பொருள் மாறலாம். ஆனால் "ஆகியவற்றில் குறைந்தது ஒன்று" கண்ணில் பட்டால் அங்கே நின்று, நடுவில் இருப்பது 'அண்ட்' ஆ 'ஆர்' ஆ என்று பார்க்காமல் நகரக் கூடாது.

அதே தீர்ப்பில் இன்னொரு பாடம். "வழக்கமாகப் பெறப்படும் தொலைக்காட்சி சிக்னல்" என்ற சொற்றொடர் அனலாக் சிக்னலை மட்டும் குறிக்குமா, டிஜிட்டலையும் சேர்க்குமா என்பது கேள்வி. விண்ணப்பம் 1985-ஐச் சேர்ந்தது, அப்போது வீடுகளுக்கு வந்தது அனலாக் ஒளிபரப்பு. கிளெய்ம் எந்தத் தொழில்நுட்பத்தையும் பெயர் சொல்லிக் குறுக்கவில்லை, டிஜிட்டல் வீடியோவும் அன்றைய துறையினருக்குத் தெரிந்ததே என்பதால் டிஜிட்டலும் உள்ளே என்றது நீதிமன்றம். பழைய காப்புரிமையில் "சேனல்", "ரிமோட்", "பட்டியல்" என்று பார்க்கும்போது, விண்ணப்ப நாளில் துறை அறிந்தவருக்கு அந்தச் சொல் எதைக் குறித்தது என்று கேட்க வேண்டும். இன்றைய பழக்கத்தை அதில் ஏற்றுவதும் தவறு, அன்றைய சாதனத்துக்குள் அதை அடைப்பதும் தவறு.

பொருளை எங்கே தேடுவது?

கிளெய்மின் பொருளை முடிவு செய்வது நீதிபதியின் வேலை, ஜூரியின் வேலை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1996-ல் மார்க்மன் வழக்கில் தீர்த்தது. எப்படி முடிவு செய்வது என்பதை 2005-ல் ஃபிலிப்ஸ் எதிர் ஏ.டபிள்யூ.எச். தீர்ப்பு வகுத்தது. துறையில் சாதாரணத் திறமை உள்ளவர் முழு ஆவணத்தையும் படித்துவிட்டு அந்தச் சொல்லை எப்படிப் புரிந்துகொள்வாரோ அதுவே பொருள். கிளெய்ம், விவரிப்பு, பரிசோதனைக் கோப்பு ஆகிய மூன்றுக்கும் பிறகுதான் அகராதியும் நிபுணர் சாட்சியும் வரும். அகராதியை முதலில் திறப்பவர் வழி தவறுகிறார்.

விண்ணப்பதாரருக்கும் பரிசோதகருக்கும் நடந்த கடிதப் போக்குவரத்து முழுவதும்தான் பரிசோதனைக் கோப்பு. அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தின் பேட்டன்ட் சென்டர் தளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. நம் மாதிரிக் கிளெய்முக்கே ஒரு கோப்பைக் கற்பனை செய்து பார்க்கலாம். முதலில் "வீடியோவின் மேல் படியும்படி" என்ற சொல் கிளெய்மில் இல்லை. பழைய காப்புரிமை ஒன்றில் பட்டியல் முழுத் திரையில் வருகிறதே என்று பரிசோதகர் நிராகரிக்கிறார். விண்ணப்பதாரர் அந்தச் சொல்லைச் சேர்த்து, "பழையதில் வீடியோ மறைந்துவிடுகிறது, எங்களுடையதில் பட்டியல் இருக்கும்போதும் ஓடிக்கொண்டே இருக்கிறது" என்று பதில் எழுதுகிறார். கிளெய்ம் கிடைக்கிறது. இனி, பட்டியல் வந்ததும் வீடியோவை நிறுத்திவைக்கும் டிவி ஒன்றைக் காட்டி "அதுவும் படிதல்தானே" என்று அவர் சொல்வது கடினம். உரிமை வாங்கக் கொடுத்ததை வழக்கில் திரும்பக் கேட்க முடியாது. சொல்லுக்குச் சொல் பொருந்தாவிட்டாலும் சமமானதாக இருந்தால் மீறலே என்னும் சமானக் கோட்பாட்டைத் துணைக்கு அழைத்தாலும், திருத்தத்தின் மூலம் விட்டுக்கொடுத்த பரப்புக்கு அது பொதுவாகக் கைகொடுக்காது. 2002-ல் ஃபெஸ்டோ தீர்ப்பு இதைத் தெளிவாக்கியது.

கிளெய்மே உடையும் இடங்கள்

சில சொற்கள் எல்லையே போடாமல் நழுவும். இன்டர்வெல் லைசென்சிங் எதிர் ஏஓஎல் வழக்கில், பயனரின் கவனத்தைச் சிதறடிக்காத, "உறுத்தாத விதத்தில்" படங்களைக் காட்டுவது என்று கிளெய்ம் இருந்தது. யாருக்கு உறுத்தாதது? ஒருவருக்கு இதமாக இருப்பது அடுத்தவருக்கு எரிச்சல். அளவுகோல் ஆவணத்திலும் இல்லை என்று 2014-ல் அந்தக் கிளெய்ம்கள் தெளிவின்மைக்காக விழுந்தன. திரை வடிவமைப்பாளர்கள் நாள் முழுவதும் பேசும் "எளிதான", "இயல்பான", "தெளிவான" போன்ற சொற்கள் கிளெய்முக்குள் வந்தால் இதே ஆபத்து. அதற்காக அளவுச் சொல் எல்லாமே தப்பு என்றில்லை, விவரிப்பில் அளக்க ஒரு வழி இருந்தால் போதும்.

"காட்டுவதற்கான சாதனம்" என்று 'மீன்ஸ் ஃபார்' வடிவில் எழுதிய உறுப்பு அகலமாகத் தோன்றும், உண்மையில் குறுகியது. விவரிப்பில் சொன்ன அமைப்பும் அதற்குச் சமமானதும் மட்டுமே அதற்குள் வரும். அந்த வேலையைப் பொதுவான கணினி செய்கிறதென்றால் விவரிப்பில் வழிமுறை, அதாவது அல்காரிதம், இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிளெய்ம் செல்லாது. 'மீன்ஸ்' என்று எழுதாமல் 'மாட்யூல்' என்று எழுதித் தப்பலாம் என்ற நம்பிக்கையை 2015-ன் வில்லியம்சன் எதிர் சிட்ரிக்ஸ் தீர்ப்பு கலைத்தது. "முன்னோட்ட மாட்யூல்" என்று பார்த்தால் விவரிப்பில் அதன் பாய்வுப் படத்தைத் தேடிப் பார்ப்பது நல்லது.

இன்னொன்று பயனரின் கை. சாதனத்துக்கான கிளெய்மின் நடுவே "பயனர் அழுத்துகிறார்" என்று ஒரு செயலைப் போட்டால், மீறல் டிவியை விற்றபோதா, வாங்கியவர் பொத்தானை அழுத்தியபோதா என்பது புலப்படாது. அமேசான் மீதான ஐபிஎக்ஸ்எல் வழக்கில் 2005-ல் இப்படிக் கலந்த கிளெய்ம் ஒன்று செல்லாமல் போனது. "அழுத்தலைப் பெறும்படி அமைக்கப்பட்ட" என்று சாதனத்தின் பக்கமிருந்து எழுதினால் இந்தச் சிக்கல் வராது.

ஒப்பீட்டு அட்டவணை

படித்ததைக் காகிதத்தில் இறக்க இரண்டு நெடுவரிசை போதும். இடப்பக்கம் கிளெய்மை அரைப்புள்ளியில் வெட்டி 1அ, 1ஆ என்று எண்ணிட்டு, ஒரு சொல்லும் மாற்றாமல் ஒட்ட வேண்டும். சுருக்கி எழுதினால் தீர்ப்பை நிர்ணயிக்கும் சொல்லே விடுபடும். வலப்பக்கம் அந்த உறுப்புக்கு டிவியில் உள்ள ஆதாரம். நிலைப்படம் பெரும்பாலும் போதாது. "மறுவினையாக", "இருக்கும்போதே", "நேரம் வரை" போன்றவை நேரத்தில் நடப்பவை. ரிமோட்டும் திரையும் ஒரே சட்டகத்தில் தெரியும்படி வீடியோ எடுத்து, எந்த விநாடியில் எது நடக்கிறது என்று குறிக்க வேண்டும். டிவியின் மாடல் எண்ணோடு மென்பொருள் பதிப்பு எண்ணும் தேதியும் கட்டாயம். இரவில் வரும் ஒரு அப்டேட் மெனுவையே மாற்றிவிடும், பிறகு பழையதைக் காட்ட வழி இருக்காது.

வேலை எந்த இடத்தில் நடக்கிறது என்பதையும் வலப்பக்கத்தில் எழுத வேண்டும். கிளெய்ம் "டிவி சேமிக்கிறது" என்கிறது, நிஜத்தில் சர்வர் சேமித்துப் படமாக அனுப்புகிறது என்றால் அந்த உறுப்பு ஆட்டம் காணும். திரையை மட்டும் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. வலையமைப்புக் கம்பியைக் கழற்றிவிட்டுப் பட்டியல் இன்னும் வருகிறதா என்று பார்ப்பது ஒரு தொடக்கச் சோதனை.

ஒரு சொல்லுக்கு மீறலைக் காட்டும்போது ஒரு பொருளும், செல்லுபடியைக் காக்கும்போது வேறு பொருளும் எடுக்க முடியாது. "படிதல்" என்பதை எதிராளியின் டிவியைப் பிடிக்கும் அளவு அகலமாக்கினால், விண்ணப்பத்துக்கு முந்தைய பழைய பெட்டிகளும் அதற்குள் விழுந்து கிளெய்மே செல்லாததாகலாம். அதனால் அட்டவணையில் மூன்றாவதாக ஒரு நெடுவரிசை சேர்த்து, நாம் எடுத்த பொருளின்படி பழைய சாதனம் எதுவும் உள்ளே வருகிறதா என்று பார்த்துவிடுவது நல்ல பழக்கம்.

படமே கிளெய்மாகும் இடம்

தொடக்கத்தில் படத்தை நம்பாதீர்கள் என்றோம். அதற்கு ஒரே விலக்கு வடிவமைப்புக் காப்புரிமை. அதன் எண் 'டி' என்ற எழுத்தோடு தொடங்கும். கிளெய்ம் ஒன்றே ஒன்று, "காட்டியபடி அலங்கார வடிவமைப்பு" என்ற அளவில் முடிந்துவிடும். 2015 மே 13 முதல் விண்ணப்பித்தவற்றுக்கு வழங்கிய நாளிலிருந்து 15 ஆண்டு ஆயுள். மெனு எப்படி வேலை செய்கிறது என்பதை இது தொடாது. எப்படித் தோன்றுகிறது என்பதை மட்டும் காக்கும். இங்கே படிக்க வேண்டியது கோடுகளை. முழுக்கோடு உரிமைக்குள், புள்ளிக்கோடு பொதுவாக உரிமைக்கு வெளியே. டிவியின் சட்டகம் புள்ளிக்கோட்டிலும் உள்ளே வரும் ஐந்து சின்னங்கள் முழுக்கோட்டிலும் இருந்தால், சட்டகத்தின் வடிவத்தை மாற்றியதால் மட்டும் தப்பிக்க முடியாது. அந்த ஐந்து சின்னங்களின் தோற்றமும் அடுக்கும்தான் ஒப்பிடப்படும்.